உளுந்துக்கு உங்களில் சிலர் வேண்டும்

மும்பையின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதிகளில் பி.எஸ்சி. சேர்ந்திருக்கும், சேர யோசித்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு,



நீட் முடிவு வந்த வாரத்தில் நம் வீடுகளில் நடக்கும் பேச்சு உங்களுக்குத் தெரியும். மதிப்பெண் போதவில்லை. தனியார் கல்லூரிக்குப் பணம் கட்ட முடியாது. இன்னொரு வருஷம் கோச்சிங் அனுப்பவும் வழியில்லை. “இப்போதைக்கு பி.எஸ்சி. சேர்ந்துவிடு, பிறகு பார்க்கலாம்” என்று பேச்சு முடியும். தாவரவியலோ உயிரியலோ எடுத்துக்கொண்டு, தோற்றுப்போன முகத்தோடு கல்லூரிக்குள் நுழையும் பிள்ளைகளை ஆண்டுதோறும் பார்க்கிறேன். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

செடிகளுக்கு வரும் நோய்களையும், அந்த நோய்களோடு மல்லுக்கு நிற்கும் ஆர்.என்.ஏ.க்களையும் ஆராய்வது என் தொழில். நீங்கள் வந்து சேர்ந்திருக்கும் இடம் மருத்துவத்துக்கு அடுத்த படி என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் வீட்டு அடுப்படியில் தொடங்கும் ஒரு பெரிய கேள்வி இங்கே இன்னும் விடை கிடைக்காமல் கிடக்கிறது. அதற்கு ஆள் போதவில்லை.

கேள்வி உளுந்தைப் பற்றியது. தாராவியில் விடியும் முன்பே எத்தனை வீடுகளில் இட்லி வேகிறது, எத்தனை சைக்கிள்கள் அந்த இட்லியையும் மெதுவடையையும் ஏற்றிக்கொண்டு நகரமெங்கும் கிளம்புகின்றன என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மாட்டுங்காவின் பழைய ஹோட்டல்களும், செம்பூரில் வீட்டிலேயே மாவு அரைத்து விற்கும் பெண்களும் அதே உளுந்தை நம்பித்தான் இருக்கிறார்கள். அந்தப் பயிருக்கு ஒரு கொடிய நோய் உண்டு. மஞ்சள் தேமல் என்பார்கள்.

காவிரிப் படுகையில் சம்பா அறுவடையை ஒட்டி, ஈரம் காயும் முன் வயலில் உளுந்து தெளிப்பார்கள். நோய் வந்தால் இளம் இலையில் முதலில் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளிகள் தெரியும். பிறகு இலை பச்சையும் மஞ்சளுமாகத் திட்டுத்திட்டாகும். கடைசியில் செடி முழுக்க வெளிறிவிடும். காய் பிடிப்பது குறையும். பிடித்த காயும் சிறுத்துப் போகும். இளம் பருவத்திலேயே தாக்கினால் மகசூல் மொத்தமும் போய்விடக்கூடும். நோய்க்குக் காரணம் ஒரு வைரஸ், அதைச் செடிக்குச் செடி கொண்டுபோவது வெள்ளை ஈ. வைரசைக் கொல்ல வயலில் தெளிக்கும் மருந்து எதுவும் கிடையாது. விவசாயி ஈக்கு மருந்தடிக்கிறார், மஞ்சளான செடியைப் பிடுங்கிப் போடுகிறார், தாங்கும் ரகம் எங்கே கிடைக்கும் என்று தேடுகிறார். புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறு வகை ஆராய்ச்சி மையம் அப்படிப்பட்ட ரகங்களுக்காகவே பல ஆண்டுகளாக உழைக்கிறது. இருந்தும் வைரஸ் மாறிக்கொண்டே இருப்பதால் வேலை தீர்வதில்லை. விளைவது நம் தேவைக்குப் போதாததால் மியன்மாரிலிருந்து உளுந்தை இறக்குமதி செய்கிறோம்.

இவ்வளவு சேதம் செய்யும் வைரசின் அளவைப் பாருங்கள். நெற்பயிரின் டி.என்.ஏ.வில் சுமார் 40 கோடி எழுத்துகள் உண்டு. மஞ்சள் தேமல் வைரசிடம் இருப்பது இரண்டு சிறு டி.என்.ஏ. வளையங்கள், ஒவ்வொன்றிலும் சுமார் 2,700 எழுத்துகள். அவ்வளவுதான். கையும் காலும் இல்லாத, ரத்தமும் நோய் எதிர்ப்பு அணுக்களும் இல்லாத செடி இதை எப்படி எதிர்க்கிறது? இந்த இடத்தில்தான் என் துறை தொடங்குகிறது.

பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பாடம் படித்திருப்பீர்கள்: டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ., ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம். அதில் ஆர்.என்.ஏ. செய்தி கொண்டுபோகும் ஆள் மட்டுமே. உண்மை அதைவிட விரிவானது. மனித டி.என்.ஏ.வில் புரதத்துக்கான குறியீடு சுமார் 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. மீதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது. புரதமாக மாறாத அந்த ஆர்.என்.ஏ.க்களில் சில, எந்த மரபணு எப்போது பேசலாம், எப்போது வாய்மூட வேண்டும் என்று தீர்மானிக்கின்றன.

இதை முதலில் காட்டிக்கொடுத்தவற்றில் செடிகளும் உண்டு. 1990இல் அமெரிக்காவில் பெட்டூனியா பூவின் ஊதா நிறத்தை இன்னும் ஆழமாக்க, நிறத்துக்கான மரபணுவின் கூடுதல் நகல் ஒன்றைச் செடிக்குள் வைத்தார்கள். பல பூக்கள் வெள்ளையாகப் பூத்தன. கூடுதலாகக் கொடுத்த மரபணு, ஏற்கெனவே இருந்த மரபணுவையும் சேர்த்து அணைத்துவிட்டிருந்தது. இந்த அணைப்புக்கு இரட்டை இழை ஆர்.என்.ஏ.தான் தூண்டுகோல் என்று ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெலோவும் 1998இல் புழுவில் காட்டினார்கள். 2006இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 1999இல் இங்கிலாந்தில் ஆண்ட்ரூ ஹாமில்டனும் டேவிட் பால்கோமும், மரபணு அணைந்த செடிகளிலும் வைரஸ் தொற்றிய செடிகளிலும் சுமார் 25 எழுத்து நீளமுள்ள துக்கடா ஆர்.என்.ஏ.க்கள் இருப்பதைக் கண்டார்கள்.  இதே போன்ற சிறு ஆர்.என்.ஏ.வான மைக்ரோ ஆர்.என்.ஏ.வில் முதலாவது, புழுவில் 1993இலேயே கிடைத்திருந்தது. அதைக் கண்ட விக்டர் ஆம்ப்ரோசுக்கும் கேரி ரவ்கனுக்கும் நோபல் வர 2024 ஆயிற்று. இந்த ஆண்டுகளை மனதில் வையுங்கள். பின்னால் பொறுமையைப் பற்றிப் பேசும்போது உதவும்.

செடியின் பாதுகாப்பு இப்படி நடக்கிறது. வைரஸ் பெருகும்போது இரட்டை இழை ஆர்.என்.ஏ. உண்டாகிறது. டைசர் என்னும் நொதி அதை 21 முதல் 24 எழுத்துத் துண்டுகளாக நறுக்குகிறது. ஆர்கோநாட் என்னும் புரதம் ஒரு துண்டைப் பிடித்துக்கொண்டு செல்லுக்குள் அலைகிறது. அந்த எழுத்துக்குப் பொருந்தும் வைரஸ் ஆர்.என்.ஏ. எதிர்ப்பட்டால் வெட்டிப்போடுகிறது. 24 எழுத்துத் துண்டுகள் டி.என்.ஏ. மீதே வேதிக்குறி போட வைத்து அந்த மரபணுவை உறங்கச் செய்கின்றன. செடிக்கு வந்த வைரஸ் எதுவோ, அதற்கான ஆயுதத்தை அந்த வைரசிலிருந்தே செடி வார்த்துக்கொள்கிறது. இதைவிட அழகான ஏற்பாட்டை உயிரியலில் நான் அதிகம் பார்த்ததில்லை.

இந்த அறிவை உளுந்துக்குக் கொண்டுவந்த இடம் மதுரை. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கே. வேலுதம்பியின் ஆய்வகம் உளுந்தின் மஞ்சள் தேமல் வைரசை ஆண்டுக்கணக்கில் படித்தது. அங்கே முனைவர் பட்ட மாணவராக இருந்தவர் பி.வி. சிவபிரசாத். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரத்தைச் சேர்ந்த மிகைல் பூகின், தாமஸ் ஹோன் ஆகியோரோடு சேர்ந்து இவர்கள் 2003இல் ‘நேச்சர் பயோடெக்னாலஜி’ இதழில் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார்கள். வைரஸ் டி.என்.ஏ.வில் மரபணுக்களை இயக்கிவிடும் பகுதி ஒன்று உண்டு, புரொமோட்டர் என்பார்கள். அந்தப் பகுதிக்குப் பொருந்தும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை உண்டாக்கும் டி.என்.ஏ.வை, வைரஸ் தொற்றிய உளுந்துச் செடிகளுக்குள் செலுத்தினார்கள். செடிகள் நோயிலிருந்து மீண்டன. ஆர்.என்.ஏ. வழி அணைப்பு ஆர்.என்.ஏ. வைரஸ்களை மட்டுமல்லாமல் டி.என்.ஏ. வைரசையும் அடக்கும் என்று காட்டிய ஆரம்பகால ஆய்வுகளில் அது ஒன்று. மதுரை ஆய்வாளர்களின் பங்கோடு, நம் வீட்டு உளுந்தை வைத்து நடந்தது அது.

சிவபிரசாத்தின் பிற்காலப் பயணம் இந்தத் தொழில் எப்படிப்பட்டது என்பதையும் காட்டும். மதுரைக்குப் பிறகு அவர் பாசலுக்கும், அங்கிருந்து கேம்பிரிட்ஜில் பால்கோமின் ஆய்வகத்துக்கும் போனார். 2012இல் அங்கிருந்து வந்த ஆய்வு தக்காளியைப் பற்றியது. மிர்482 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ., செடியின் நோய் எதிர்ப்பு மரபணுக்களையே அடக்கி வைத்திருக்கிறது என்று அது காட்டியது. எதிர்ப்பு மரபணுக்கள் எப்போதும் விழித்திருந்தால் செடிக்குச் செலவு அதிகம், வளர்ச்சி குறையும். நோய்க்கிருமி வந்து செடியின் ஆர்.என்.ஏ. அணைப்பைக் கெடுக்க முயலும்போது மிர்482 குறைகிறது. எதிர்ப்பு மரபணுக்கள் எழுந்துகொள்கின்றன. பகைவனின் தாக்குதலே செடிக்கு எச்சரிக்கை மணியாகிறது. பிறகு அவர் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சொந்த ஆய்வகம் தொடங்கினார். காட்டு நெல் வீட்டு நெல்லானதில் மிர்397 என்ற இன்னொரு சிறு ஆர்.என்.ஏ.வுக்குப் பங்குண்டு என்று 2018இல் அங்கிருந்து ஓர் ஆய்வு வந்தது. அதன் முதல் ஆசிரியர் சி. சுவேதா என்ற மாணவி. அந்தப் பெங்களூர் மையம் நம் கொலாபாவில் இருக்கும் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் ஒரு பகுதி என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

நோய்க்கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. மஞ்சள் தேமல் வைரசின் ஏ.சி.2 என்ற புரதம் செடியின் ஆர்.என்.ஏ. அணைப்பைத் தடுக்கிறது என்று மதுரை, பாசல் குழுவினரே 2005இல் காட்டினார்கள். பழங்களை அழுக வைக்கும் சாம்பல் நிறப் பூஞ்சை ஒன்று, தன் சிறு ஆர்.என்.ஏ.க்களைச் செடியின் செல்லுக்குள் அனுப்பி, செடியின் ஆர்கோநாட்டையே கைப்பற்றி, எதிர்ப்பு மரபணுக்களை அணைக்கிறது. இதை 2013இல் கலிஃபோர்னியாவில் ஹைலிங் ஜின்னின் குழு கண்டது. ஆர்.என்.ஏ.வே நோய்க்கிருமியாக நிற்பதும் உண்டு. அமெரிக்காவில் தியோடர் டீனர் 1971இல் வைராய்டு என்று பெயரிட்ட உருளைக்கிழங்கு நோய்க்கிருமி, 359 எழுத்துள்ள வெறும் ஆர்.என்.ஏ. வளையம். அதற்கு உறை இல்லை, ஒரு புரதத்துக்கான குறியீடும் இல்லை. பிலிப்பைன்சில் 3 கோடிக்கும் அதிகமான தென்னைகளைச் சாய்த்த கடாங் கடாங் நோய்க்குக் காரணம் 246 எழுத்து வைராய்டு. தென்னையை நம்பி வாழும் சொந்தங்கள் ஊரில் உள்ள உங்களுக்கு, இதைப் படிக்கும் ஆட்கள் நம்மிடம் இருக்க வேண்டியது ஏன் என்று புரியும்.

இனி, என்னை இந்த மடல் எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். பிரேசில் மக்கள் தினமும் பீன்ஸ் பயறு சாப்பிடுகிறவர்கள். அவர்களுடைய பயிரையும் வெள்ளை ஈ பரப்பும் ஒரு தங்கத் தேமல் வைரஸ் அழித்துவந்தது. நம் உளுந்து வைரசின் உறவுதான். அந்நாட்டின் அரசு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராபா, ஆர்.என்.ஏ. அணைப்பு முறையில் எதிர்ப்புள்ள பீன்சை உருவாக்கி 2011இல் அரசின் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் உருளைக்கிழங்கு வண்டைக் கொல்லத் தெளிக்கும் இரட்டை இழை ஆர்.என்.ஏ. மருந்துக்கு 2023 டிசம்பரில் அனுமதி கிடைத்தது. நம்மிடம் 2003லேயே சான்று இருந்தது. வயலுக்கு இன்னும் வரவில்லை.

காரணங்கள் பல. உளுந்துச் செடிக்குள் மரபணுவைச் செலுத்தி முழுச் செடியாக வளர்த்தெடுப்பது கடினம். மரபணு மாற்றுப் பயிர்களைப் பற்றி நாட்டில் கருத்து ஒன்றுபடவில்லை, 2010இல் பி.டி. கத்தரிக்காய் நிறுத்தப்பட்டது, கடுகு வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் 2024இல் இருவேறு தீர்ப்பு சொன்னார்கள். மக்கள் கேட்கும் கேள்விகளில் நியாயமானவை நிறைய உண்டு. அவற்றுக்குப் பொறுப்போடு பதில் சொல்லவும், மரபணுவை மாற்றாமல் தெளிப்பு முறையில் செய்ய முடியுமா என்று பார்க்கவும், வைரஸ் எந்த வழியில் தப்பும் என்று முன்கூட்டியே கணிக்கவும் ஆட்கள் வேண்டும். பயறு வகைகளை நாள்தோறும் உண்ணும் நாட்டில் பயற்றின் நோயைப் படிப்பவர்கள் இவ்வளவு குறைவாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

உங்களைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. இதற்கான வாசல்கள் உங்கள் பகுதியிலேயே இருக்கின்றன. செம்பூரைத் தாண்டி டிராம்பேயில் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருப்பதை எல்லோரும் அறிவீர்கள். அங்கே கதிர்வீச்சால் பயிர் ரகங்கள் உருவாக்கும் பிரிவு உண்டு. மகாராஷ்டிர விவசாயிகள் பரவலாகப் பயிரிட்ட டி.ஏ.யூ.-1 உளுந்து, அகோலா வேளாண் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அந்த மையம் 1985இல் தந்தது. பெரும் தாவரவியலாளர் ஜானகி அம்மாளும் ஓய்வுக்குப் பிறகு டிராம்பேயில் சிறிது காலம் பணிசெய்துவிட்டுத்தான் சென்னைக்குப் போனார். செம்பூரிலிருந்து ஹார்பர் லைனில் இரண்டு ஸ்டேஷன் தள்ளி மான்குர்டில் ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் இருக்கிறது. பள்ளி மாணவர்களுக்கான உயிரியல் ஒலிம்பியாடை நடத்துவது அவர்கள்தான். கலினாவில் மும்பை பல்கலைக்கழகமும் அணுசக்தித் துறையும் சேர்ந்து நடத்தும் அடிப்படை அறிவியல் மையத்தில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த எம்.எஸ்சி. படிக்கலாம். அதற்கு நெஸ்ட் தேர்வு எழுத வேண்டும். தேறுபவர்களுக்கு ஆண்டுக்கு 60,000 ரூபாய் உதவித்தொகைக்கும் வழியுண்டு. மாட்டுங்காவில் ரூயா கல்லூரி 1937 முதல் இருக்கிறது. பி.எஸ்சி. முடித்தவர்கள் ஜாம் தேர்வு எழுதி ஐ.ஐ.டி.யில் எம்.எஸ்சி. சேரலாம். எம்.எஸ்சி.க்குப் பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய். வாடகைப் படி தனி.

சான்றிதழ் விஷயத்தில் ஒன்று சொல்ல வேண்டும், குறிப்பாகத் தாராவிப் பிள்ளைகளுக்கு. ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த பட்டியல் சாதிக் குடும்பங்களுக்கு மகாராஷ்டிர மாநில ஒதுக்கீடு கிடைக்காமல் போவதைப் பல வீடுகள் கண்டிருக்கின்றன. மாநிலம் மாறினால் அந்த உரிமை கூடவே வராது என்று 1990இல் உச்ச நீதிமன்றமும் தீர்ப்பளித்தது. ஆனால் மத்திய அரசு நிறுவனங்களிலும் மத்திய உதவித்தொகைகளிலும் சொந்த மாநிலத்தை வைத்துத் தரும் சான்றிதழுக்கு இடமுண்டு. ஆகவே மாநிலக் கல்லூரியில் கதவு மூடியது என்று படிப்பையே விட்டுவிடாதீர்கள். அப்பாவின் சான்றிதழை இப்போதே தேடி எடுத்து, உங்களுடையதற்கும் விண்ணப்பியுங்கள். கடைசி நேரத்தில் ஊருக்கு ஓடினால் தேதி தவறிவிடும்.

கஷ்டங்களை மறைத்து உங்களை அழைக்க மாட்டேன். முனைவர் பட்டத்துக்கு ஐந்தாறு ஆண்டுகள் ஆகும். அதற்குப் பிறகும் சில ஆண்டுகள் வேறொருவர் ஆய்வகத்தில் வேலை. சொந்த ஆய்வகம் கிடைக்கும்போது முப்பத்தைந்தை நெருங்கியிருப்பீர்கள், கிடைக்காமலும் போகலாம். உதவித்தொகை சில சமயம் மாதக்கணக்கில் தாமதமாகும். செடி உங்கள் அவசரத்துக்கு வளராது, ஒரு சோதனைக்கு ஒரு பருவம் போகும். வெள்ளை ஈ வளர்க்கும் கூண்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை தெரியாது. மேலே சொன்ன ஆண்டுகளைத் திரும்பிப் பாருங்கள்: 1993இல் கண்டதற்கு 2024இல் பரிசு. பரிசை எண்ணி யாரும் அவ்வளவு காலம் உழைத்திருக்க முடியாது. கேள்வி விடாமல் பிடித்துக்கொண்டதால்தான் உழைத்தார்கள்.

இந்தப் படிப்பு ஆய்வகப் பேராசிரியர் வேலைக்கு மட்டும் போகும் பாதையும் அல்ல. விதை நிறுவனங்கள், நோய் கண்டறியும் ஆய்வகங்கள், இறக்குமதிச் செடிகளைச் சோதிக்கும் தாவரத் தனிமைப்படுத்தல் நிலையங்கள், மரபணுத் தரவுகளைக் கணினியில் ஆராயும் பணிகள் எல்லாம் இதே அறிவைக் கேட்கின்றன. சிறு ஆர்.என்.ஏ. ஆய்வில் பாதி வேலை இன்று கணினியில்தான் நடக்கிறது. வீட்டில் இடமில்லாத பிள்ளைக்கும், ஒரு பழைய லேப்டாப்பும் நூலகத்தில் ஓர் இருக்கையும் கிடைத்தால் தொடங்கக்கூடிய வேலை அது.

இதை உங்கள் அப்பா அம்மாவுக்கும் படித்துக் காட்டுங்கள். அவர்களிடம் நான் கேட்பது இதுதான்: மறுசீரமைப்பில் தாராவி வீடு எங்கே போகுமோ என்ற கவலைக்கு நடுவில், பிள்ளை சீக்கிரம் சம்பாதிக்க வேண்டும் என்று நீங்கள் நினைப்பதில் தவறே இல்லை. ஆனாலும் ஆய்வு மாணவருக்கு மாதச் சம்பளம் போல ஒரு தொகை வருகிறது என்பதைக் கணக்கில் சேருங்கள். பெண் பிள்ளையென்றால், “இருபத்தெட்டு வயது வரை படிப்பா?” என்று உறவுக்காரர்கள் கேட்பார்கள். ஜானகி அம்மாள் 1931இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். அதற்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்தக் கேள்வியை நம் பெண்கள் சுமக்க வேண்டாம்.

பிள்ளைகளே, இந்த ஆண்டிலேயே செய்யக்கூடியவை சில. உங்கள் கல்லூரியில் செடிகளை ஆராயும் ஆசிரியர் யார் என்று விசாரித்து, விடுமுறையில் அவரோடு வேலை செய்ய அனுமதி கேளுங்கள். பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினத்தை ஒட்டி ஆராய்ச்சி நிறுவனங்கள் பொதுமக்களுக்குக் கதவைத் திறக்கும். கூட்டமாகப் போய்க் கேள்வி கேளுங்கள். ஊருக்குப் போகும்போது உளுந்து வயலில் இறங்கி மஞ்சளான இலையைக் கையில் எடுத்துப் பாருங்கள், அந்த விவசாயி என்ன செய்கிறார் என்று கேளுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழில் யோசித்துக் குறிப்பெழுதுங்கள். யோசனை தெளிவானால் மொழி பின்னால் வரும். இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் ஜாம் பாடத்திட்டத்தை ஒருமுறை முழுக்க வாசித்துவிடுங்கள்.

இந்தத் தலைமுறையில் மூன்று பகுதியிலுமிருந்து பத்துப் பேர் இந்தத் துறைக்கு வந்தால்கூட, மதுரையில் 2003இல் தொடங்கியதை வயல்வரை கொண்டுபோகும் கைகளில் சில நம்முடையவையாக இருக்கும். நீட் மதிப்பெண்ணை ஒதுக்கி வைத்துவிட்டு, நிமிர்ந்து அந்த வகுப்புக்குள் போங்கள். செய்ய வேண்டிய வேலை அங்கே இருக்கிறது.

அன்புடன்,
தாவர நோய் ஆய்வில் உங்களுக்கு முன்னால் நடக்கும் ஒருவர்